கடலில் டவர் இல்லாத இடத்தில் சர்க்கரை சென்சாரால் பயன் உண்டா?

கேள்வி: தங்கச்சிமடம் தம்பி

என் அண்ணன் ராமேசுவரத்திலிருந்து விசைப்படகில் மீன்பிடிக்கச் செல்பவர், இன்சுலின் போட்டுக்கொள்பவர். காலையில் கடலுக்குப் போனால் மறுநாள் காலையில்தான் கரை திரும்புவார்கள். வலை இழுக்கும் உழைப்பும் நேரம் தவறிய சாப்பாடும் சேர்ந்து, நள்ளிரவில் சர்க்கரை இறங்கி அவர் வியர்த்து நடுங்கியது உண்டு. கையில் ஒட்டிக்கொண்டு சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் சென்சார் ஒன்றை வாங்கித் தரலாம் என்று சென்னையில் வேலை பார்க்கும் நானும் சவூதியில் இருக்கும் மச்சானும் நினைக்கிறோம். அளவுகள் எங்கள் கைப்பேசிகளுக்கும் வந்துவிடும் என்கிறார்கள். ஆனால் படகு கரையை விட்டுத் தள்ளிப் போனதும் நம் டவர் போய்விடுகிறது. சில நேரம் இலங்கை டவர் வந்து ஒட்டிக்கொள்கிறது. இந்த நிலையில் அக்கருவி பயன்படுமா? உப்புத் தண்ணீரைத் தாங்குமா?

பதில் 1: பாம்பன் மருந்துக்கடை

இதில் இரண்டு இணைப்புகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் உங்கள் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். சென்சாரிலிருந்து அண்ணனின் கைப்பேசிக்கு அளவு புளூடூத் வழியாகப் போகிறது. அதற்கு டவர் தேவையில்லை, கைப்பேசி சில மீட்டர் தூரத்துக்குள் இருந்தால் போதும். அந்தக் கைப்பேசியிலிருந்து உங்களுக்கும் மச்சானுக்கும் வருவதற்குத்தான் இணையம் வேண்டும். ஆகவே எச்சரிக்கை வசதி உள்ள கருவி என்றால் நடுக்கடலிலும் அண்ணனுக்கு ஒலிக்கும். உங்கள் திரையில் மட்டும் வெற்றிடம் தெரியும், அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. இலங்கை டவர் பிடித்தால் ரோமிங் கட்டணம் எகிறும் என்பதால், படகேறும் முன் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடச் சொல்லுங்கள்.

வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, அளவு இறங்கினால் கருவி தானாகவே ஒலி எழுப்புமா என்பதுதான். அபாட் நிறுவனத்தின் லிப்ரே சென்சாரின் முதல் தலைமுறையில் அந்த வசதி கிடையாது. கைப்பேசியையோ, அளவைப் படித்துக் காட்டும் தனிக் கருவியான ரீடரையோ சென்சார் அருகே கொண்டுபோனால்தான் அளவு தெரியும். அசதியில் தூங்கும் ஒருவருக்கு அதனால் என்ன பயன்? மேலும், அது கடைசி 8 மணி நேர அளவுகளை மட்டுமே தன்னுள் வைத்திருக்கும். அதற்குள் ஒருமுறை காட்டாவிட்டால் முந்தையவை அழிந்துவிடும்.

தண்ணீரைப் பொறுத்தவரை, லிப்ரே வகைச் சென்சார்கள் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் வரை தாங்கும் என்று குறிப்பிடப்பட்டுள்ளன. அலையும் மழையும் அதைக் கெடுக்காது. பாசி எடுப்பவர்களைப் போலவும் சங்கு குளிப்பவர்களைப் போலவும் ஆழத்தில் மூழ்குபவர்களுக்கு அது உத்தரவாதம் ஆகாது. உங்கள் அண்ணனுக்கு உண்மையான சிக்கல், வியர்வையில் பசை விடுவதும் கயிறு உரசிச் சென்சார் பிய்ந்துவருவதும்தான். மேலே ஒட்டும் தனிப் பட்டையையும் சேர்த்து வாங்குங்கள்.

பதில் 2: ராமநாதபுரம் செவிலியர்

மருந்துக்கடை நண்பர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஒலி எழுந்த பிறகு என்ன நடக்கும் என்பதை இங்கு யாரும் இன்னும் பேசவில்லை. சர்க்கரை மிகவும் இறங்கியவருக்குத் தெளிவாக யோசிக்க முடியாது. சிலர் கோபப்படுவார்கள், சிலர் "ஒன்றுமில்லை" என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். எனவே அந்த ஒலியின் பொருள் உடன் செல்பவர்களில் ஒருவருக்கேனும் தெரிந்திருக்க வேண்டும். அளவு 70க்குக் (மி.கி./டெ.லி.) கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டி சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு, படகிலுள்ள வி.எச்.எஃப். வானொலிக் கருவியில் 16ஆம் சேனலில் உதவி கேட்க வேண்டும். டவர் இருக்கும் இடமென்றால் கடலோரக் காவல் படையின் 1554 எண் இருக்கிறது.

சென்சார் அளப்பது இரத்தத்தை அன்று. தோலுக்கடியில் செல்களுக்கு இடையே உள்ள திரவத்தை. அதனால் 5 முதல் 15 நிமிடம் வரை அது பின்தங்கும். குளுக்கோஸ் குடித்த பிறகும் திரையில் குறைவாகவே காட்டும். பயந்துபோய் மேலும் மேலும் குடித்தால் காலையில் 300ஐத் தாண்டும். சென்சார் உள்ள கையை அழுத்திப் படுத்தாலும் பொய்யாகக் குறைவு காட்டும். படகில் கிடைத்த இடத்தில் முடங்கிப் படுப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரக்கூடும். ஆகவே விரல் நுனியில் குத்திப் பார்க்கும் மீட்டரும், மூடி இறுக்கிய ஸ்ட்ரிப் டப்பாவும் படகில் இருந்தே தீர வேண்டும்.

மருத்துவரிடம் ஒவ்வோர் அளவையும் காட்டாதீர்கள். 14 நாள் அறிக்கையைக் காட்டுங்கள். 70 முதல் 180 வரையிலான வரம்புக்குள் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்ட நேரமும், 70க்குக் கீழே 4 விழுக்காட்டுக்குக் குறைவான நேரமும் இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான பெரியவர்களுக்கான இலக்கு. இரவுநேரச் சரிவு கடல் நாட்களில் மட்டும் வருகிறதா என்பது அந்த வரைபடத்தில் தெரிந்துவிட்டால், மாலை இன்சுலின் அளவை மருத்துவர் மாற்றித் தரலாம். கருவியின் பெரிய பயன் அதுவே என்பது என் கருத்து.

பதில் 3: கீழக்கரை வாசகர்

நான் சற்று மாறுபடுகிறேன். 14 நாளைக்கு ஒரு சென்சார் என்றால் ஆண்டுக்கு 26 வேண்டும். மீனவர் வருமானத்தில் அது எளிதன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் இருக்கும்போது ஒன்றும், கடலுக்குத் திரும்பியதும் ஒன்றும் ஒட்டி, இரண்டு அறிக்கைகளையும் மருத்துவரிடம் ஒப்பிட்டுக் காட்டுங்கள். அதன்பின் தொடர்வதா என்று முடிவு செய்யலாம்.

தங்கச்சிமடம் தம்பி

மூவருக்கும் நன்றி. சவூதியிலிருந்து மச்சான் வாங்கி அனுப்பினால் ஆகாதா?

பதில் 3: கீழக்கரை வாசகர்

எங்கள் ஊரிலும் பலர் அப்படிக் கேட்கிறார்கள். ஒரு நாட்டில் விற்கும் சென்சார் மற்றொரு நாட்டின் செயலியுடன் சேராமல் போவதுண்டு. பாதியில் பழுதானால் மாற்றுச் சென்சார் பெறுவதும் கடினம். இங்கேயே பில்லுடன் வாங்குங்கள். கணக்கை அண்ணனின் பெயரிலேயே தொடங்கி, நீங்களும் மச்சானும் பார்வையாளர்களாக மட்டும் சேர்ந்துகொள்ளுங்கள். தன் அளவுகளை யார் பார்க்கலாம் என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.