படுகொலை நடந்தபின் கடையில் வன்முறை கேம்களை எடுத்துவிடுவது சரியா?

தூக்கம்வராதவன்:
2011 ஜூலை 22 அன்று நார்வேயில் ஒரே ஆள் 77 பேரைக் கொன்றான். அடுத்த சில நாட்களில் அங்கே கூப் என்ற பெரிய கடைத்தொடர், கால் ஆஃப் டூட்டி மாதிரி கேம்களையும் பொம்மைத் துப்பாக்கிகளையும் அலமாரியிலிருந்து எடுத்துவிட்டது. இதனால் யாருக்காவது பயன் உண்டா, இல்லை நாங்களும் ஏதோ செய்தோம் என்று காட்டிக்கொள்வதா? நான் பதினைந்து வருஷமாகச் சுடும் கேம்தான் ஆடுகிறேன், கரப்பான்பூச்சி வந்தால் அடிப்பதற்குத் தம்பியைத்தான் கூப்பிடுவேன். ஆனாலும் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவர் கடைக்குள் வந்து, வாசலிலேயே துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்கும் ஆளுயர அட்டைச் சிப்பாயைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தால் பதில் வரவில்லை.

கல்மனசுக்காரன்:
காட்டிக்கொள்வதுதான், சந்தேகமே வேண்டாம். 2019 ஆகஸ்டில் டெக்சாஸின் எல் பாசோவில் வால்மார்ட் கடைக்குள்ளேயே ஒருவன் சுட்டதில் 23 பேர் இறந்தார்கள். நிறுவனம் முதலில் எதில் கை வைத்தது தெரியுமா? வன்முறை கேம்களின் விளம்பரத்திலும், திரையில் ஓடிக்கொண்டிருந்த டெமோவிலும். கேம் விற்பனை நிற்கவில்லை, துப்பாக்கி விற்பனையும் நிற்கவில்லை. (செப்டம்பரில் கைத்துப்பாக்கித் தோட்டா விற்பதை நிறுத்துவதாக அறிவித்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது வந்து பிடித்துக்கொள்வீர்கள்.) எய்தவன் இருக்க அம்பை நோவதாவது ஒரு மாதிரி, இங்கே அம்புப் படம் போட்ட அட்டையை நோகிறார்கள். ஜப்பானிலும் தென் கொரியாவிலும் ஆடாத கேமா? அங்கே துப்பாக்கி வாங்குவது அத்தனை சுலபமில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கவுண்டர்பக்கம்:
கேம் விற்கும் இடத்தில் ஆறு வருஷம் நின்றவன் சொல்கிறேன். ஒரு அம்மா ஜிடிஏ என்ற அடிதடி கேமின் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். பதினெட்டு வயதானவர்களுக்கு மட்டும் என்பதற்கு, அட்டையில் 18 என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. "யாருக்கும்மா?" என்றேன். "பையனுக்குத்தான், பதினொன்று ஆகிறது." நான் அந்த எண்ணைத் தொட்டுக் காட்டினேன். அவர், "அது லெவல் இல்லையா, இவன் நன்றாக ஆடுவான், சமாளித்துவிடுவான்" என்றார். சிரிக்காமல் நிற்பதே பெரும்பாடாகிவிட்டது. அலமாரியைக் காலி செய்வதைவிட, அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று கவுண்டரில் ஒரு நிமிஷம் பேசினால் போதும் என்று அன்று தோன்றியது. ஆனால் வரிசையில் பின்னால் எட்டுப் பேர் நிற்கும்போது அந்த ஒரு நிமிஷம் எங்கே கிடைக்கிறது.

அரைச்சொல்:
கல்மனசு, ரொம்ப சுலபமாகத் தீர்ப்பு சொல்லிவிட்டீர்கள். 2019இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 14, 15 வயதுப் பிள்ளைகள் சுமார் ஆயிரம் பேரை ஆராய்ந்து, வன்முறை கேமுக்கும் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு தெரியவில்லை என்றார்கள். சரி. ஆனால் 2020இல் அமெரிக்க உளவியல் சங்கம், கத்துவது, தள்ளுவது போன்றவற்றோடு சிறிய தொடர்பு இருக்கிறது, கொலை அளவுக்கு இழுக்கத்தான் ஆதாரம் போதாது என்றது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அப்புறம், அரசு தடுப்பது வேறு, கடைக்காரர் விற்க மாட்டேன் என்பது வேறு. சிறுவர்களுக்கு வன்முறை கேம் விற்கக்கூடாது என்ற கலிஃபோர்னியா சட்டத்தை 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பேச்சுரிமையைச் சொல்லி ரத்து செய்தது. கடை தானே எடுத்து வைத்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, அவர் அலமாரி, அவர் இஷ்டம். நார்வேயில் செய்ததை நான் துக்கமாகத்தான் பார்க்கிறேன். சாவு விழுந்த தெருவில் ரேடியோவை அணைத்து வைப்போமே, அந்த மாதிரி. அணைத்தால் செத்தவர் எழுந்து வருவாரா என்று யாரும் கேட்பதில்லை.

கல்மனசுக்காரன்:
துக்கம் என்றால் ஒத்துக்கொள்கிறேன். துக்கம் என்றே சொல்லிவிட்டு எடுக்கட்டும், பாதுகாப்பு என்று சொல்லாமல். அட்டையும் டிஸ்க்கும் போய் இப்போது எல்லாம் நேரடி டவுன்லோடு ஆகிவிட்டது, எந்த அலமாரியை எடுக்கப்போகிறார்கள்.

தூக்கம்வராதவன்:
ரேடியோ உதாரணம் எனக்குப் போதும், நன்றி. கவுண்டர்பக்கம், அந்த அம்மா கடைசியில் வாங்கினாரா இல்லையா?

கவுண்டர்பக்கம்:
வைத்துவிட்டுப் போனார். மறுவாரம் பையனையே கூட்டிக்கொண்டு வந்தார். அவன் அதை நண்பன் வீட்டில் ஏற்கெனவே முக்கால்வாசி முடித்துவிட்டானாம்.