எல்லா சாட்டும் ஒரே புரோகிராம்ல: காலைல தொறந்தா வெள்ளைத் திரை, அவசரம்

நண்டுக்கடை_பாம்பன்: எல்லா சாட்டையும் ஒரே சன்னல்ல காட்டுற ஃபெர்டியம்ல வாட்ஸ்அப் ரெண்டு, டெலிகிராம், மெசஞ்சர் போட்டு வச்சிருக்கேன். காலைல தொறந்தா நாலும் வெள்ளையா நிக்குது. பத்து மணிக்கு மேல தானா சரியாகுது. நெட் இருக்கு. அழிச்சிட்டு மறுபடி போட்டும் பாத்தாச்சு. நண்டு வெலை கேக்குறவங்க எல்லாம் விடியக்காலைல இதுலதான் வருவாங்க. சீக்கிரம் சொல்லுங்க.

தொண்டி_சிஸ்டம்ஸ்: விண்டோஸ் எது? ராம் எவ்வளவு? வெள்ளையா நிக்கிற அதே நேரம் குரோம்ல வாட்ஸ்அப் வெப் தொறக்குதா? முழுத் திரையையும் படம் எடுத்துப் போடுங்க, ஃபெர்டியம் சன்னலை மட்டும் வெட்டிப் போடாதீங்க.

முத்துக்குளி_72: ராம்தான், சந்தேகமே வேணாம். ஃபெர்டியத்துல ஒவ்வொரு சேவையும் தனித்தனி உலாவிப் பக்கம் மாதிரி. நாலு போட்டா 4 ஜிபி மெஷின் மூச்சு வாங்கும். அமைப்புல ஹைபர்னேட்டைப் போட்டு விடுங்க, பாக்காத சேவையைத் தூங்க வச்சிரும். ஆனா தூங்குற சேவைக்கு அறிவிப்பு வராது.

தொண்டி_சிஸ்டம்ஸ்: அறிவிப்பு வராட்டி ஏவாரம் எப்படிங்க நடக்கும்?

கீழக்கரை_லினக்ஸ்: இதுக்கு எதுக்கு இவ்வளவு பாரம்? பிட்ஜின்னு ஒரு பழைய சாட் புரோகிராம் இருக்கு, அதைப் போடுங்க. வாட்ஸ்அப்புக்கும் டெலிகிராமுக்கும் பிளக்-இன் இருக்கு. ஒரே பட்டியல்ல எல்லாரும் வந்துருவாங்க.

சேது_மூத்தவர்: இந்தக் கேள்விக்குப் பலமுறை பதில் சொல்லியாயிற்று. மேலே தேடல் பெட்டி என்று ஒன்று இருக்கிறது. முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: ஃபெர்டியம் மெசஞ்சரே அல்ல, நான்கு உலாவிப் பக்கங்களை ஒரே சட்டத்தில் அடித்து மாட்டியது. சிக்னலுக்கு வெப் பதிப்பு இல்லை, அதனால் அதை அதில் சேர்க்கவே முடியாது. கேச், அதாவது அது சேமித்து வைத்திருக்கும் தற்காலிகக் கோப்புகளை, நீக்கவும்.

தொண்டி_சிஸ்டம்ஸ்: கீழக்கரை அண்ணே, பிட்ஜின் யாஹூ, ஏஐஎம்னு பழைய சாட் சேவைங்க இருந்த காலத்துல ராஜா. ஏஐஎம் 2017ல மூடிட்டாங்க, யாஹூ மெசஞ்சர் 2018ல போச்சு. இப்ப உள்ள வாட்ஸ்அப் பிளக்-இன் அதிகாரப்பூர்வமானது இல்ல. கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கு. ஏவார நம்பரை வச்சு அந்தப் பரீட்சை வேணாம்.

கீழக்கரை_லினக்ஸ்: முடக்குவாங்க முடக்குவாங்கன்னு சொல்லியே ஆளைப் பயமுறுத்துறீங்க தம்பி. அப்ப வாட்ஸ்அப்பை மேட்ரிக்ஸ்ங்கிற இன்னொரு சாட்டோட இணைக்கிற பாலம் மட்டும் அதிகாரப்பூர்வமா?

தொண்டி_சிஸ்டம்ஸ்: அதுவும் இல்லதான். அதையும் நான் போடச் சொல்லலையே.

நண்டுக்கடை_பாம்பன்: விண்டோஸ் 10, ராம் 8 ஜிபி. படம் போட்டிருக்கேன். குரோம்லயும் வரல, கடிகாரம் பின்தங்கியிருக்குன்னு ஏதோ சொல்லுது, அது வேற பிரச்சினை. தேதி எப்பவும் தப்பாத்தான் காட்டும், பில் போடுற பையன் பத்து மணிக்கு வந்து மாத்துவான். இன்னொண்ணு, ரெண்டாவது நம்பர் அப்பப்ப கியூஆர் கேக்குது.

தேவிபட்டினம்_ஹார்டுவேர்: அண்ணே, அதான் பிரச்சினையே! படத்துல வலது கீழ்மூலையைப் பாருங்க: 01-01-2015. வாட்ஸ்அப், டெலிகிராம் எல்லாம் தான் அசல் தளம்தான்னு காட்ட ஒரு சான்றிதழ் வச்சிருக்கும், அதுக்கு இன்ன தேதியிலேருந்து இன்ன தேதி வரைக்கும்னு ஆயுசு உண்டு. 2015ல நிக்கிற கம்ப்யூட்டர் கணக்குல அந்தச் சான்றிதழ் இன்னும் பொறக்கவே இல்ல. அதனால இணைப்பை மறுத்துரும். குரோம் அதை வாய்விட்டுச் சொல்லுது, ஃபெர்டியம் வெள்ளையா நிக்குது. பையன் தேதியை மாத்துறான், நாலும் வருது.

ராத்திரி கடையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைக்கிறீங்கல்ல? கரண்ட் இருக்குற வரைக்கும் பவர் சப்ளை தர்ற 5 வோல்ட்டுல கடிகாரம் ஓடும். அது போனா மதர்போர்டுல உள்ள காசு பேட்டரிதான் தாங்கணும். அது செத்துப்போச்சு. இணைய நேரம் தானா திருத்தாதான்னு கேப்பீங்க. 15 மணி நேரத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா விண்டோஸ் தானா தொடாது.

வாங்க வேண்டிய பேட்டரி சிஆர் 2032, 3 வோல்ட். சிஆர் 2025 வாங்கிராதீங்க, 0.7 மில்லிமீட்டர் மெலிசு, ஆடிக்கிட்டே இருக்கும். பிளக்கை உருவிட்டு பவர் பட்டனை அஞ்சு வினாடி அழுத்திப் புடிங்க. பக்கத்து மூடியைக் கழட்டி, கொக்கியை லேசா தள்ளுனா காசு எம்பி வரும். கூட்டல் குறி மேல பாக்க புதுசைப் போடுங்க. கடக்கரைக் கடைங்கிறதால கீழ இருக்குற தகட்டுல பச்சை பூத்திருக்கும், பென்சில் அழிப்பானால தேய்ச்சுட்டுப் போடுங்க. அப்புறம் ஆன் பண்ணுனதும் டெலிட் இல்லாட்டி எஃப்2 அழுத்தி, விண்டோஸுக்கு முன்னாடி வர்ற பயாஸ் அமைப்புத் திரைல தேதி, மணி வச்சு சேமிங்க.

தொண்டி_சிஸ்டம்ஸ்: கியூஆர் கேக்குறது வேற கதை. அந்த ரெண்டாவது ஃபோன் எப்பவும் ஆன்லதான் இருக்கா?

நண்டுக்கடை_பாம்பன்: அது மீன்பிடி போட்டுக்காரங்களுக்கு மட்டும் உள்ள நம்பர். போட்டு போகாத நாள்ல அலமாரில கெடக்கும். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் அணைச்சுத்தான் வப்போம்.

தொண்டி_சிஸ்டம்ஸ்: அதேதான். வாட்ஸ்அப்ல முதன்மை ஃபோனை 14 நாளுக்கு மேல தொடலைன்னா இணைச்ச சாதனம் எல்லாம் கழண்டுரும். வாரம் ஒரு தடவை ஃபோனைப் போட்டு, நெட்டோட வாட்ஸ்அப்பைத் தொறந்து மூடுங்க. ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் மறக்காம. டெலிகிராமுக்கு இந்த ஃபோன் கட்டாயம் இல்ல.

முத்துக்குளி_72: இருந்தாலும் ஹைபர்னேட் போட்டு வைக்கிறது நல்லது.

சேது_மூத்தவர்: கணினியில்தான் கோளாறு என்பது தொடக்கத்திலேயே தெரிந்ததுதான்.

தேவிபட்டினம்_ஹார்டுவேர்: கேச் நீக்கவும்னுதானே ஐயா சொன்னீங்க?

நண்டுக்கடை_பாம்பன்: பேட்டரி மாத்தியாச்சு. ராத்திரி மெயினை அணைச்சும் காலைல தேதி நின்னுச்சு, நாலும் வந்துருச்சு. நன்றி தம்பி. லோடு ஏத்தணும்.

கீழக்கரை_லினக்ஸ்: பிட்ஜின் போட்டுப் பாத்தீங்களா?