நட் அசையவில்லை, ஜக் புதைகிறது: தனியாக டயர் மாற்றுவது எப்படி?

கல்லடி டீச்சர்:
நான் கல்லடியில் இருந்து மண்முனைப் பாலத்தால் கடந்து, கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். போன புதன், மாலை வகுப்பு முடித்து வரும்போது வயலுக்கு நடுவில் காரின் முன் இடப்பக்கச் சில்லு காற்றுப் போய்விட்டது. ஸ்பெயார் சில்லு, ஜக், ஸ்பனர் எல்லாம் டிக்கியில் இருந்தன. வீடியோவில் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன், இதென்ன பெரிய வேலை என்று இறங்கினேன்.

ஜக்கில் உயர்த்திவிட்டு நட்டைக் கழற்றப் போனால் நட் அசையவில்லை, சில்லுதான் சேர்ந்து சுற்றுகிறது. உன்னி உன்னி இழுக்க, ஜக் மணலுக்குள் சரிந்து புதையத் தொடங்கியது. பயத்தில் இறக்கிவிட்டேன். நேரம் ஐந்தரை. அந்தப் பக்கம் இருட்டினால் யானைப் பயம். நல்ல காலம், லாண்ட்மாஸ்டரில் (கை உழவு இயந்திரத்தில்) வந்த ஒரு அப்பு, தண்ணீர்ப் பம்பின் இரும்புக் குழாயை ஸ்பனரில் செருகி நாலு நட்டையும் கழற்றினார். மறுகா பார்த்தால் சில்லு வெளியே வரமாட்டேன் என்கிறது! உதைத்துத்தான் எடுத்தார்.

அடுத்த முறை அந்த அப்பு வரப்போவதில்லை. என் 48 கிலோவை வைத்துக்கொண்டு தனியாக இதைச் செய்ய முடியுமா?

டிப்போ மாமா:
முடியும் மகள். பஸ் டிப்போவில் சில்லு கழற்றியே முதுகு வளைந்தவன் சொல்கிறேன். அந்தப் பாலம் 2014இல் திறக்கும் முன் வாகனத்தைப் பாதையில் (மிதவைப் படகில்) ஏற்றித்தான் அக்கரைக்குப் போவோம். பாதைக்கு நிற்கிற நேரத்தில் ஒரு சில்லு மாற்றி, தேத்தண்ணியும் குடித்துவிடலாம்.

நீங்கள் செய்த பிழை ஒன்றே ஒன்று. நட்டை இளக்குவது சில்லு நிலத்தில் இருக்கும்போதே. ஹேண்ட் பிரேக் பின் சில்லைத்தான் பிடிக்கும், அதனால்தான் தூக்கிய முன் சில்லு சுற்றியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரிலும் போட்டு, பின் சில்லுக்கு ஒரு கல் வையுங்கள். ஸ்பனரின் கைப்பிடி இடப்பக்கம் கிடையாக நிற்கும்படி மாட்டி, அதன் நுனியில் காலால் மிதியுங்கள். கையால் இழுக்க வேண்டாம். 48 கிலோவும் நுனியில் இறங்கினால் நட் இளகும். அரைச் சுற்று இளகினால் போதும், மிச்சம் தூக்கிய பிறகு.

நம்முடைய மணலுக்கு ஜக்கின் கீழே ஒரு தடித்த பலகைத் துண்டு இல்லாமல் சரிவராது. ஒரு அடிக்கு ஒரு அடி இருந்தால் போதும். கழற்றிய சில்லைக் காருக்குக் கீழே படுக்கப் போடுங்கள். ஜக் சரிந்தாலும் கார் அதன் மேல் நிற்கும். அந்த நேரம் கையோ காலோ உள்ளே போகக்கூடாது.

காத்தான்குடி காக்கா:
டீச்சர், உங்களிடம் ஸ்பெயார் சில்லாவது இருக்கிறது. என்னுடைய ஜப்பான் ஹைபிரிட்டில் அந்த இடத்தில் ஒரு பசைப் போத்தலும் குட்டிக் கொம்பிரசரும்தான். வாங்கி இரண்டு வருடம் கழித்துத்தான் டிக்கியைத் திறந்து பார்த்தேன். ஆணி குத்தினால் சரி, டயரின் பக்கவாட்டு கிழிந்தால் அந்தப் பசை ஒன்றுக்கும் உதவாது. போத்தலுக்குக் காலாவதித் திகதியும் உண்டு. என்னுடையது எப்போதோ முடிந்துவிட்டது.

கல்முனை டயர்காரன்:
நட் அவ்வளவு இறுகியதற்குக் காரணம் எங்களைப் போன்றவர்கள்தான், ஒளிக்க என்ன இருக்கிறது. அவசரத்தில் நட் இறுக்கும் மெஷின் கன்னால் அடித்து இறுக்கிவிடுவோம். அடுத்த முறை கடையில் நின்று, "கடைசி இறுக்கம் கையால் போடுங்கள்" என்று கேளுங்கள் அக்கா.

சில்லு ஒட்டியது உப்புக் காற்றால். கடற்கரை ஊர்க் கார்களில் ரிம்மும் அது பொருந்தும் ஹப்பும் துருப்பிடித்து ஒன்றாகிவிடும். ஜக்கில் நிற்கும் காரை உதைப்பது எனக்குப் பிடிக்காது. நாலு நட்டையும் திரும்ப மாட்டி, கொஞ்சம் தளர்வாக விட்டு, காரை இறக்கி ஓரடி முன்னும் பின்னும் மெதுவாக உருட்டுங்கள், தானாக விடும். பிறகு ஹப்பின் முகத்தை வயர் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். நட்டின் மரைக்கு மட்டும் எண்ணெய் போடாதீர்கள், அளவுக்கு மிஞ்சி இறுகிவிடும்.

புதுச் சில்லைப் போடும்போது நட்டின் கூம்பிய பக்கம் உள்ளே பார்க்க வேண்டும். எதிரெதிராக இறுக்குங்கள், வட்டமாகச் சுற்றி அல்ல. ஐம்பது, நூறு கிலோமீற்றர் ஓடியதும் இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்கள்.

கல்லடி டீச்சர்:
ஞாயிறு காலை வளவுக்குள் வைத்தே பழகிப் பார்த்தேன். மாமா சொன்னபடி மிதித்தேன், மூன்று நட் உடனே விட்டன, நாலாவதுக்கு ஸ்பனரின் மேல் ஏறியே நின்றேன். முழுவதும் முடிக்க ஐம்பது நிமிடம். அந்தச் சாட்டில் ஸ்பெயார் சில்லின் காற்றையும் பார்த்தேன், 14 பிஎஸ்ஐ. 30 இருக்க வேண்டியது! இதைப் பூட்டிக்கொண்டா அன்று வீடு வந்து சேர்ந்தேன்?

பலகைக்கு குசினியில் இருந்த பலாப் பலகையை எடுத்து டிக்கியில் போட்டுவிட்டேன். இறைச்சி வெட்ட அம்மா இரண்டு நாளாக அதைத் தேடுகிறா.