பாதிக் கட்டணச் சலுகையா, கவுன்சிலிங்கா? மகள், மகன் இருவருக்கும் சேர்த்து ஒரு கேள்வி

சிவதாபுரம் கொலுசுப் பட்டறை:

எல்லாருக்கும் வணக்கம். சேலம் சிவதாபுரத்தில் கொலுசு வேலை செய்கிறேன். செவ்வாய்பேட்டை வியாபாரியிடம் வெள்ளி வாங்கி வந்து கூலிக்குச் செய்து கொடுப்போம். வெள்ளி விலை ஏறினால் ஆர்டர் குறைந்துவிடும், அதனால் மாத வருமானம் இவ்வளவு என்று சொல்ல முடியாது. கந்துவட்டி வாங்காமல் பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும், அதுதான் என் கவலை.

மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ் வழி. கணக்கு 91, இயற்பியல் 84, வேதியியல் 82. கட்-ஆஃப் 174 வருகிறது. மகன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் கடைசி செமஸ்டர். அவனுக்கும் நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.ஈ. சேர ஆசை. எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை.

ஒரு தனியார் கல்லூரியிலிருந்து மகளுக்குக் கடிதம் வந்தது. மதிப்பெண் நன்றாக இருப்பதால் மெரிட் ஸ்காலர்ஷிப், கல்விக் கட்டணத்தில் 50% தள்ளுபடியாம். கல்விக் கட்டணம் 87,000, பாதி போக 43,500. பஸ் 30,000. வேலைவாய்ப்புப் பயிற்சி 18,000. புத்தகம், சீருடை, மற்றவை 14,000. இந்த வாரத்துக்குள் 25,000 கட்டினால்தான் சீட் நிற்கும் என்கிறார்கள். போனில் பேசியவர், "இங்கே சேர்ந்துவிடுங்கள், பிடிக்கவில்லை என்றால் அடுத்த வருடம் க்ரெடிட்டை (முடித்த பாடங்களுக்கான புள்ளிகளை) எடுத்துக்கொண்டு பெரிய கல்லூரிக்கு மாறிக்கொள்ளலாம்" என்றும் சொன்னார். பணத்தைக் கட்டிவிடலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கட்டணப் பிரிவு அக்கா, அஸ்தம்பட்டி:

தம்பி, அந்த 25,000-ஐ இன்றைக்குக் கட்டாதீர்கள். மகளின் ஒரிஜினல் டி.சி.யையும் மதிப்பெண் பட்டியலையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். மீதியை நிதானமாகச் சொல்கிறேன். ஒரு பொறியியல் கல்லூரியின் கட்டணப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இந்த மாதிரிக் கடிதங்கள் என் மேஜை வழியாகத்தான் போகும்.

முதலில் அந்த 87,000-ஐப் பாருங்கள். அது கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கான கட்டணம். 2017-ல் கட்டண நிர்ணயக் குழு தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கு வைத்த அளவு என்னவென்றால், அரசு கவுன்சிலிங்கில் கிடைக்கும் இடத்துக்கு 50,000, தர அங்கீகாரம் பெற்ற பிரிவு என்றால் 55,000. நிர்வாக இடத்துக்கு 85,000, அங்கீகாரம் இருந்தால் 87,000. உங்களுக்குப் பாதி தள்ளுபடி என்று காட்டுவது இந்தப் பெரிய தொகையிலிருந்து.

உங்கள் மகள் முதல் பட்டதாரி. கவுன்சிலிங் வழியாகப் போனால் தனியார் கல்லூரியில் வருடத்துக்கு 25,000-ஐ அரசே கட்டிவிடும். 55,000-இல் அது போனால் நீங்கள் கட்டுவது 30,000. ஸ்காலர்ஷிப் கொடுத்த பிறகும் அந்தக் கல்லூரி கேட்பது 43,500! நான்கு வருடத்தில் 54,000 வித்தியாசம். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் முதல் பட்டதாரி சலுகை கிடையாது. இதைக் கடிதத்தில் யாரும் எழுத மாட்டார்கள்.

அடுத்தது, ஸ்காலர்ஷிப் எத்தனை வருடம்? கடிதத்தின் கடைசிப் பத்தியைத் திரும்பப் படியுங்கள். அரியர் (தேறாத பாடம்) இருக்கக் கூடாது, இத்தனை சி.ஜி.பி.ஏ. (எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரிப் புள்ளி) இருக்க வேண்டும் என்று பொடி எழுத்தில் இருக்கும். தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் முதல் செமஸ்டரில் ஆங்கிலப் பாடப் புத்தகத்தோடு படுகிற பாடு எனக்குத் தெரியும். ஒரே ஒரு அரியர் விழுந்ததற்காக இரண்டாம் வருடம் முழுக் கட்டணச் சீட்டை நீட்டியபோது, ஒரு பெண்ணின் அப்பா கவுன்டரில் பேசாமல் நின்றார். அவரிடம் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. உங்கள் மகளுக்கு அப்படி ஆனால் மூன்று வருடத்துக்கும் சேர்த்துக் கூடுதலாக 1,30,500 கட்ட வேண்டிவரும். முதல் பட்டதாரி சலுகைக்கு சி.ஜி.பி.ஏ. நிபந்தனை எதுவும் இல்லை.

பஸ், பயிற்சி எல்லாம் கவுன்சிலிங்கில் போனாலும் கேட்பார்கள். எது கட்டாயம், எது விருப்பம் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். டவுன் பஸ்ஸில் போய்வரக்கூடிய கல்லூரி கிடைத்தால் அந்த 30,000 அப்படியே மிச்சம். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள், நான்கு வருடத்தில் 1,20,000.

கவுன்சிலிங்கில் சாய்ஸ் கொடுக்கும்போது கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியை மேலே வையுங்கள். 174-க்கு அங்கே கம்ப்யூட்டர் கிடைப்பது கஷ்டம். ஆனால் சிவில், மெட்டலர்ஜி (உலோகவியல்) போன்ற பிரிவுகளையும் விடாமல் எழுதுங்கள். எழுத எழுதச் செலவு ஒன்றும் இல்லை. வீட்டில் வெள்ளியை உருக்குவதைப் பார்த்து வளர்ந்த பெண், மெட்டலர்ஜி அவளுக்குப் பிடித்தாலும் பிடிக்கலாம், அவளையே கேளுங்கள். அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணமே மிகக் குறைவு.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% ஒதுக்கீடு உங்கள் மகளுக்கு வராது, உதவி பெறும் பள்ளி அதில் சேராது. ஆனால் புதுமைப்பெண் திட்டம் வரும். 2024 டிசம்பரில் அதை உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் விரிவாக்கினார்கள். மாதம் 1,000. தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகைக்கும் தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பியுங்கள். தொழில்நுட்பப் படிப்பு படிக்கும் பெண்களுக்கு வருடம் 50,000, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மதிப்பெண் பார்த்துத்தான் கொடுப்பார்கள். வந்தால் வரட்டும், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

கல்லூரி மாற்றத்தைப் பற்றிச் சொன்னாரே, அதை நம்பியும் சேராதீர்கள். இரண்டு கல்லூரியும் தடையில்லாச் சான்று தர வேண்டும், போகிற இடத்தில் அதே பிரிவில் காலியிடம் இருக்க வேண்டும், மேலே ஒப்புதல் வாங்க வேண்டும். 2021-ல் வந்த கல்விக் க்ரெடிட் வங்கியைக் காட்டிப் பலர் இப்படிப் பேசுகிறார்கள். க்ரெடிட் அதில் பத்திரமாக இருக்கும். அதற்காக எந்தக் கல்லூரியும் சீட் கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை.

ஓமலூர் மெக்கானிக்கல்:

அக்கா சொன்னதற்கு மேல் மகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மகனைப் பற்றி நான் சொல்கிறேன் அண்ணா, நானும் டிப்ளமோ முடித்து லேட்டரலில், அதாவது நேரடி இரண்டாம் ஆண்டில், போனவன்தான்.

நம் ஊரில் நிஜமாகவே நடக்கிற க்ரெடிட் மாற்றம் இது ஒன்றுதான். டிப்ளமோ முடித்தவனுக்கு பி.ஈ. முதல் வருடம் முழுவதும் கழிந்துவிடும், நேராக மூன்றாம் செமஸ்டர். ஒரு வருடக் கட்டணம் மிச்சம். இதற்கு கவுன்சிலிங் தனி, பிளஸ் டூ கவுன்சிலிங்கோடு சேராது. நான் போனபோது காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரிதான் நடத்தியது. டிப்ளமோ மதிப்பெண்ணை வைத்து ரேங்க். அதனால் கடைசி செமஸ்டர்தானே என்று புராஜெக்ட்டை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம், தியரி மதிப்பெண்ணும் முக்கியம் என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

அப்புறம் கணக்கு. மூன்றாம் செமஸ்டரில் எங்களுக்கு ஃபூரியர் தொடர் வந்தது. பிளஸ் டூ முடித்து வந்தவர்கள் முதல் வருடத்தில் இரண்டு கணிதத் தாள் எழுதிவிட்டு வந்திருப்பார்கள், நாம் நேராக அதில் போய் விழுவோம். ஒவ்வொரு கணக்கிலும் x-ஐயும் சைன், காஸையும் பெருக்கித் தொகையிட வேண்டும். டிப்ளமோவில் ஒரு முறை வந்துபோன பெர்னோலி சூத்திரம்தான் அங்கே முழுக்க முழுக்க வேலை செய்யும். ரிசல்ட்டுக்கும் கல்லூரி திறப்பதற்கும் நடுவில் இருக்கிற நாட்களில் அதை மட்டும் போட்டுப் பழகினால் போதும், பாதி பயம் போய்விடும். லேட்டரலில் வந்த என் நண்பர்கள் பலருக்கு அரியர் விழுந்தது அந்த ஒரு தாளில்தான்.

மலை மேல் இ-சேவை, ஏற்காடு:

அண்ணா, ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போகிறது. முதல் பட்டதாரி சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். உங்களுக்கு ஒரே வருடத்தில் இரண்டு பிள்ளைகள். யாருக்கு வாங்குவது என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். மகளுக்கு என்றால் நான்கு வருடம், மகனுக்கு மூன்று வருடம்தான். இங்கே நாகலூர், மஞ்சக்குட்டை பக்கமிருந்து வருகிறவர்களிடமும் இதைத்தான் முதலில் கேட்பேன். அண்ணனும் தங்கையும் தனித்தனியாக விண்ணப்பித்து, இரண்டும் நின்றுபோய் வந்து அழுத குடும்பம் உண்டு.

மகளுக்கு என்றால் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். இ-சேவை மையத்தில் 60 ரூபாய். கூடப் பிறந்தவர் என்ன படிக்கிறார் என்று கேட்கிற இடத்தில் டிப்ளமோ என்று உள்ளதை எழுதுங்கள், டிப்ளமோ பட்டம் ஆகாது. குடும்பத்தில் யாரும் பட்டதாரி இல்லை என்று கூட்டு உறுதிமொழி தர வேண்டும். மகன் பி.ஈ. சேர்ந்த பிறகு போய் நின்றால் கேள்வி வரும். வருமானச் சான்றும் கூடவே போட்டுவிடுங்கள், பிரகதிக்கு வேண்டும். இன்னொன்று, மதிப்பெண் பட்டியலில் இருக்கிற பெயரும் ஆதாரில் இருக்கிற பெயரும் இனிஷியல் உட்பட ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். மகள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருந்தால்தான் உதவித்தொகை வந்து சேரும்.

சிவதாபுரம் கொலுசுப் பட்டறை:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. கடிதத்தைத் திரும்பப் படித்தோம். அக்கா சொன்ன மாதிரியே கடைசிப் பத்தியில் இருக்கிறது, 8.0 சி.ஜி.பி.ஏ., அரியர் கூடாது. போனில் பேசியவரிடம் கவுன்சிலிங் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டேன். சலுகையைத் தங்கச்சிக்கே வாங்குங்கள் என்று மகன் சொல்லிவிட்டான். மெட்டலர்ஜி என்றால் என்ன என்று மகள் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரே ஒரு சந்தேகம் அக்கா. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இதே மாதிரி பயந்துபோய் ஒரு கல்லூரியில் முன்பணம் கட்டிவிட்டார். அவருக்கு அந்தப் பணம் திரும்பக் கிடைக்குமா?

கட்டணப் பிரிவு அக்கா, அஸ்தம்பட்டி:

கிடைக்கும் தம்பி. ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி, சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு முன்னால் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது, ஒரிஜினல் சான்றிதழையும் வைத்துக்கொள்ளக் கூடாது. வாயால் சொன்னால் இழுத்தடிப்பார்கள். விலகுகிறேன் என்று தேதி போட்டு எழுதி, ஒரு நகலில் கல்லூரி முத்திரை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பட்டும், அந்த ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.