வாசிகசாலையா, கழிவுநீர்க் கானா? (வெள்ளவத்தை ஒழுங்கைக் குழு)

சித்தி: எல்லோரும் வாக்களித்தாயிற்றா? எந்தத் திட்டங்களுக்குப் பணம் என்ற ஒன்லைன் வாக்கெடுப்பை இன்று நள்ளிரவோடு மூடிவிடுவார்கள். எங்கள் வாசிகசாலை மூன்றாம் இடம். முதல் இரண்டுக்குத்தான் பணம்.

2ஆம் மாடி மாமி: போன் இலக்கம் கேட்கிறது. கொடுத்தால் வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுவார்களாமே?

குட்டி: இலக்கம் கொடுக்கலாம் மாமி. வருகிற குறியீட்டை மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள்.

2ஆம் மாடி மாமி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

குட்டி: ஐயோ மாமி

பெரியப்பா: பிள்ளைகள், இது ஒன்றும் புதிதல்ல. பிரேசிலில் போர்ட்டோ அலெக்ரே நகரத்தில் 1989இலேயே மாநகர சபைப் பணத்தில் ஒரு பகுதியை எதற்குச் செலவழிப்பது என்று சனங்களே தீர்மானிக்கத் தொடங்கிவிட்டார்கள். வட்டாரம் வட்டாரமாகக் கூட்டம் போட்டு, தண்ணீர்க் குழாயா, கழிவுநீர்க் கானா, தெருவா என்று வாதாடி வரிசைப்படுத்தினார்கள். வேலை நடக்கிறதா என்று பார்க்கத் தங்களுக்குள்ளேயே பேராளர்களையும் தெரிவு செய்தார்கள். அமெரிக்காவில் பெப்சி நிறுவனம் 2010இல் ஒன்லைன் வாக்கெடுப்பு வைத்து 2 கோடி டொலர் கொடுக்கப் புறப்பட்டது. அங்கே கள்ள வாக்கு என்று முறைப்பாடு கிளம்பியது. பேசாமல் பெருவிரலால் அழுத்துகிற வாக்கு எப்போதும் ஆள்பலத்துக்குத்தான் போகும்.

அத்தான்: 👍

டொரோண்டோ தம்பி: இங்கிருந்து முடியவில்லை. 94இல் தொடங்குகிற இலங்கை இலக்கம் மட்டும்தான் ஏற்கிறது.

குட்டி: அப்பப்பாவின் சிம்மிலும் போட்டுவிட்டேன்

அத்தான்: அவருடைய ஆட்டத்திவசமே இரண்டு முடிந்துவிட்டதே!

குட்டி: அப்பா இன்னும் ரீலோட் போடுகிறார்

சித்தி: போடட்டும். வாசிகசாலைக்கு முதல் கதிரை வாங்கித் தந்தவர் அவர்தான். பெரியப்பா, நீங்கள் போட்டுவிட்டீர்கள்தானே?

பெரியப்பா: போட்டேன். கான் திட்டத்துக்கு.

சித்தி: என்ன?

பெரியப்பா: மழை பெய்தால் என் வாசலில்தான் முழங்கால் தண்ணீர். டெங்கு வந்தால் வாசிகசாலையா சேலைன் ஏற்றும்?

சித்தி: கான் துப்புரவு மாநகர சபையின் வேலை. அதற்குத்தான் வரி கட்டுகிறோம். பின்னேரம் இலவச வகுப்புக்கு வருகிற பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்?

அத்தான்: கான் திட்டத்தின் தலைவர் யாருடைய சம்பந்தி என்று எல்லோருக்கும் தெரியும் 😄

பெரியப்பா: அந்தக் கதை வேண்டாம். வாசிகசாலைக்குச் சேர்த்த காசின் கணக்கை முதலில் காட்டுங்கள்.

சித்தி: கணக்குப் புத்தகம் உங்கள் அலுமாரியில்தான் இருக்கிறது.

2ஆம் மாடி மாமி: அந்தியேட்டிக்குக் கொடுத்த என் இடியப்பத் தட்டுகள் யாரிடம்? பன்னிரண்டில் ஒன்பதுதான் திரும்பி வந்தது.

அத்தான்: எங்கள் வீட்டில் இரண்டு. மூன்றாவது எங்களிடம் இல்லை.

டொரோண்டோ தம்பி: இரண்டும் வெல்லட்டுமே. கான் எத்தனையாம் இடம்?

குட்டி: நான்கு. வாசிகசாலைக்கு இன்னும் 31 வாக்கு வேண்டும்

சித்தி: ஒன்பது மணிக்கு மொட்டை மாடியில் கூடுவோமா? போன் தெரியாதவர்களுக்குக் குட்டி போட்டுக் கொடுப்பான்.

அத்தான்: ஒன்பதுக்கு நாடகம்.

பெரியப்பா: வருகிறேன். புத்தகத்தையும் கொண்டுவருகிறேன். வாக்கை மாற்ற மாட்டேன்.

குட்டி: மாற்றவும் முடியாது பெரியப்பா, ஒரு இலக்கத்துக்கு ஒரு தடவைதான்

2ஆம் மாடி மாமி: எனக்கு மறுபடியும் குறியீடு வந்திருக்கிறது. என்ன செய்வது?