ஹெச்எம்டி ஜனதா வாட்ச்: செயலியில் வேகம், முள்ளில் தாமதம். எதைப் பிரிப்பது?

செங்கோட்டை_சாரல்: 0231 மூவ்மென்ட் (வாட்சை ஓட்டும் இயந்திரம்) ஒரு இடம், ஒரிஜினல் ஹெச்எம்டி ஜனதா டயல் ஒரு இடம், கேஸ் இன்னொரு இடம்னு தேடிச் சேர்த்து ஒரு வாட்ச் கட்டியாச்சு. டயலைப் பிடித்து நிறுத்தும் பின்பக்கக் கால் ரெண்டும் ஒடிந்திருந்ததால் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டியிருக்கு. டிக்டிக் சத்தத்தைக் கேட்டு வேகம் சொல்லும் போன் செயலியில், மணிக்கு 18000 பீட் கணக்கில், நாளைக்கு +240 விநாடி வேகம். ஆனால் காலையில் வைத்த நிமிட முள் சாயங்காலம் கால் மணி நேரம் பின்னால் நிற்கிறது. விநாடி முள் நிற்காமல் ஓடுது. கேனன் பினியனை (நிமிட முள் உட்காரும் குழாய்) இறுக்கிவிடவா?

கொழிஞ்சாம்பாறை_லூப்: பொறுங்க, இறுக்கிடாதீங்க. இது ஒண்ணு இல்லைங்க, ரெண்டு கோளாறு. செயலி கேட்பது பேலன்ஸ் (முன்னும் பின்னும் ஆடும் சக்கரம்) தட்டும் சத்தத்தை மட்டும்தான். நிமிட முள் எங்கே நிற்குதுன்னு அதுக்குத் தெரியாது.

முதல் சந்தேகம் உங்க டேப் மேல. டேப்பின் கனத்துக்கு டயல் மேலே எழும்பும், கேனன் பினியன் டயலுக்கு மேல நீட்டும் உயரம் அந்த அளவு குறையும். அப்புறம் நிமிட முள் அரைகுறையாத்தான் உட்காரும். கிரவுனை (பக்கவாட்டுத் திருகு) இழுத்து முள்ளைத் திருப்பிப் பாருங்க. கிரவுனில் பிடிமானம் இருந்தும் முள் தயங்கித் தயங்கி வந்தா முள் தளர்வு. கிரவுன் வெண்ணெயில் சுத்துற மாதிரி வழுக்கினாத்தான் கேனன் பினியன்.

பினியனை இறுக்கித்தான் ஆகணும்னா உள்ளே பித்தளைக் கம்பி ஒண்ணைச் செருகிட்டு, இடுப்புப் பகுதியில் ஒரே ஒரு மெல்லிய அழுத்து. கம்பி இல்லாம அழுத்தினா குழாய் நசுங்கிடும். 0231-க்கு இன்னொண்ணு தேடி அலையணும்.

குப்பம்_வாட்ச்: +240-க்குக் காந்தம்தான் முதல் சந்தேகம் அண்ணா. ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் சின்ன திசைகாட்டியை வாட்ச் மேல வைங்க. ஊசி துடிச்சா காந்தம் ஏறியிருக்கு. டீமேக்னடைசர் (காந்தம் இறக்கும் கருவி) பொத்தானை அமுக்கிப் பிடிச்சபடியே வாட்சை ஒரு அடி தூரம் மெதுவா விலக்கி, அப்புறம்தான் பொத்தானை விடணும். பக்கத்திலேயே வச்சு விட்டா காந்தம் அப்படியே தங்கிடும்.

ஊசி அசையலைன்னா பேலன்ஸில் இருக்கும் மெல்லிய சுருள் கம்பியை, அதாவது ஹேர்ஸ்பிரிங்கை, லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடி) பாருங்க. சுற்றுகள் எண்ணெயில் ஒட்டியிருந்தா நீளம் குறைஞ்ச மாதிரிதான், வேகமா ஓடும். தையல் மிஷின் எண்ணெய் போட்ட மூவ்மென்ட்டில் இது சகஜம். அது பரவி ஊர் சுத்தும். வாட்ச் எண்ணெயில் வேக சக்கரங்களுக்கு மோபியஸ் 9010, மெதுவான சக்கரங்களுக்கு ஹெச்பி 1300. பேலன்ஸைத் தட்டிவிடும் பேலட் ஃபோர்க்கின் அச்சு முனைக்கு (பிவட்) எண்ணெயே வேண்டாம். அதை ஸ்பிரிட்டில் ஊறவும் போடாதீங்க, கல்லைப் பிடிச்சிருக்கும் ஷெல்லாக் பசை கரைஞ்சிடும்.

செங்கோட்டை_சாரல்: திசைகாட்டி ஊசி நல்லாவே ஆடுது. முள் பற்றி லூப் அண்ணாச்சி சொன்னதும் சரி: கிரவுனில் பிடிமானம் இருக்கு, முள்தான் தயங்குது. டேப்பை எடுத்துட்டா டயலை எதில் நிறுத்துவது? புது டயல் வாங்கணுமா?

கொழிஞ்சாம்பாறை_லூப்: ஒரிஜினல் டயலை விடாதீங்க. 2016-ல் ஹெச்எம்டி வாட்சஸ் மூடும் முடிவு வந்த பிறகு சந்தையில் நிறைஞ்சிருப்பது ரீடயல்தான், அதாவது பழைய டயலைத் தேய்ச்சு மறுபடி அச்சடிச்சது. பத்து மடங்கு லூப்பில் எழுத்து விளிம்பு கசிஞ்சிருக்கும்; பின்பக்கம் உப்புத்தாள் தேய்ச்ச கோடு தெரியும்.

டேப்புக்குப் பதிலா மெல்லிய டயல் டாட்டை (டயல் ஒட்டும் சின்ன ஒட்டுப் பொட்டு) விளிம்போரம் மட்டும் வைங்க. டேட் இல்லாத டயல், அதனால நடுவில் ஒண்ணும் வேண்டாம். ஹவர் வீலுக்கு (மணி முள் உட்காரும் சக்கரம்) மேல காகிதக் கனத்துல பித்தளை வாஷர் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா ஹவர் வீல் மேலெழும்பி மணி முள் நிமிட முள்ளை உரசும். வாஷரின் வளைவு அதிகமானாலும் தொல்லைதான், வண்டிக்குப் பிரேக் போட்ட மாதிரி.

முள் மூணையும் 12-ல் வச்சுப் பொருத்தி, பக்கவாட்டில் வெளிச்சத்தில் இடைவெளி பாருங்க. கேஸில் போடும்போது கிரவுன் தண்டைப் பிடிச்சிருக்கும் செட்டிங் லீவர் ஸ்க்ரூ இருந்தா ஒரு சுத்து மட்டும் தளர்த்துங்க. முழுசாக் கழட்டினா லீவர் டயல் பக்கம் விழும், திரும்ப எல்லாத்தையும் பிரிக்கணும்.

குப்பம்_வாட்ச்: காந்தம் இறக்கின பிறகு செயலியில் மறுபடி பாருங்க. அதுக்கு முன்னாடி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரைத் தொடாதீங்க. சாரல் காலம் முடியிற வரைக்கும் கேஸ் மூடியைத் திறந்தபடி வாட்சைச் சிலிக்கா ஜெல் டப்பாவுக்குள்ள வச்சு எடுத்து மூடுங்க, கண்ணாடியில் ஆவி படிவது குறையும்.