சிவாலய ஓட்டம்: பைக்கில் போனால் கணக்கில் சேருமா?

முஞ்சிறைக்காரன்
"சிவராத்திரி அன்னைக்குக் காலையில பைக்கை எடுத்தா சாயங்காலத்துக்குள்ள 12 கோயிலும் முடிஞ்சிரும், என்னத்துக்கு ராத்திரி முழுக்க ஓடணும்"னு வாட்ஸ்அப்பில் ஒண்ணு சுத்துது. கன்னியாகுமரி மாவட்டத்தில் சிவராத்திரியை ஒட்டி 12 சிவன் கோயிலுக்கும் ஓடிப்போய்த் தொழுறதுதான் சிவாலய ஓட்டம். 12 கோயிலையும் கும்பிட்டு வாங்க, யாரும் தடுக்கல. அதுக்கு 'ஓட்டம்'னு பேர் மட்டும் வைக்காதீங்க. முதல் நாள் சாயங்காலம் முஞ்சிறை திருமலையில் தொடங்கி திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, கடைசியா நட்டாலம். வெறுங்கால், காவி வேட்டி, கையில் பனையோலை விசிறி, வாயில் "கோவிந்தா, கோபாலா". இதில் எதைக் கழிச்சாலும் அது கோயில் சுற்றுலாதான்.

தக்கலை அக்கா
அண்ணாச்சி, மூட்டு தேய்ஞ்சவங்களும் கைக்குழந்தைக்காரிகளும் வேனில் போனா சிவன் வேண்டாம்னா சொல்லுவாரு? இந்த ஓட்டத்துக்குச் சொல்லுற பாரதக் கதையையே எடுத்துக்கிடுங்க. பீமன் ஓடினது பக்தியிலயா? பாதி மனுஷன், பாதி மிருகமான சிவபக்தன் புருஷாமிருகம் துரத்தின பயத்தில்! கிருஷ்ணர் குடுத்த 12 ருத்திராட்சத்தில் ஒண்ணொண்ணாக் கீழ போட்டுக்கிட்டே ஓடினான். நின்னு நிதானமாக் கும்பிட்டது புருஷாமிருகம்தான்.

முஞ்சிறைக்காரன்
சரியாத்தான் சொல்லுதீங்க. ருத்திராட்சம் லிங்கமான ஒவ்வொரு இடத்திலும் அது குளிச்சுக் கும்பிட்டுட்டுத்தான் மறுபடி துரத்திச்சு. பைக்கில் வாறவன் எத்தனை குளத்தில் இறங்குதான்? கோயில் வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றி ஒரு கும்பிடு, அடுத்த கோயிலுக்குக் கூகுள் மேப். வரிசையும் கிடையாது. தக்கலை பக்கம்னு கல்குளத்தில் தொடங்கி நட்டாலத்தை நடுவில் செருகுதாங்க.

ரப்பர்காடு
வரிசை விஷயத்தில் அண்ணன் பக்கம், குளியல் விஷயத்தில் இல்ல. 12 இடத்திலும் முங்கி, ஈர வேட்டியோட ஓடுறதுதான் பாதிப்பேரைப் பாதியில் உட்கார வைக்குது. தண்ணியில் ஊறின பாதத்தோல் தார் ரோட்டில் உரசினா கொப்புளம். ஈரத்துணி தொடையில் உரசினா தோல் உரியும், அப்புறம் காலை அகட்டித்தான் நடக்க முடியும். குளிக்கிறவங்க வேட்டியை முறுக்கிப் பிழியணும், காய்ஞ்ச துவர்த்தால் (துண்டால்) விரலிடுக்கு வரை துடைக்கணும், தொடையிடுக்கில் தேங்கா எண்ணெயோ வாஸ்லினோ தேய்ச்சுட்டுக் கிளம்பணும். கொப்புளம் வந்திட்டா தோலைப் பிய்க்காம மேல பிளாஸ்திரி. அதுக்கப்புறம் வாற கோயில்களில் கால் கழுவிக் கும்பிட்டாப் போதும்.

முஞ்சிறைக்காரன்
விரதம் இருந்து மாலை போட்டவனுக்குப் பிளாஸ்திரியா? பிறகு செருப்பும் போடலாம்னு சொல்லுவீங்க.

ரப்பர்காடு
மாசி வெயிலில் பத்து பதினோரு மணிக்கு மேல தார் ரோடு எப்படிக் கொதிக்கும்னு உங்களுக்குச் சொல்லணுமா? செருப்பு வேண்டாம்னா வேண்டாம். ஓரத்து மண்ணில் நடக்கலாம், உச்சிவெயிலில் கோயில் நிழலில் ஒதுங்கலாம். கணக்கைப் பாருங்க: தூரம் 100 கிலோமீட்டருக்கு மேலன்னு சொல்லுதாங்க. மணிக்கு 5 கிலோமீட்டர் போனா 20 மணிநேரம். குளிக்க, வரிசையில் நிக்க, தொழ கோயிலுக்கு அரைமணி வச்சா இன்னொரு 6. சாயங்காலம் நாலு மணிக்கு இறங்கினவன் ஒரு நிமிஷம் உட்காராமப் போனாலே மறுநாள் ஆறு மணி ஆகும். ரெண்டு மூணு இடத்தில் படுத்தா நடுச்சாமம். இதில் இளவட்டங்க தொடக்கத்திலேயே சாடி ஓடி, திக்குறிச்சி தாண்டித் திற்பரப்பு வரைக்குமுள்ள நீளமான தூரத்தில் மூச்சை விட்டிருதாங்க.

குளத்தங்கரை
மருந்துக்கடையில் இருக்கேன், அதனால சொல்லுதேன். ஓடுறதுக்கு முன்னாலயே டைக்ளோபினாக்ங்கிற வலி மாத்திரை போடுறது இப்பம் பழக்கமாகுது. வெறும் வயிறு, உடம்பில் நீர் இல்ல, அதோட இந்த மாத்திரையும் சேர்ந்தா வயிறு புண்ணாகும், சிறுநீரகமும் அடிபடும். தவிர்க்க முடியலன்னா பாராசிட்டமால், அதுவும் ஏதாவது சாப்பிட்ட பிறகு. பச்சைத்தண்ணியை மட்டும் குடம் குடமாக் குடிச்சாலும் ஆபத்து. ரத்தத்தில் உப்பு குறைஞ்சு தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் வரும், பாக்கிறவங்க களைப்புன்னு நினைப்பாங்க. வழியில் ஊர்க்காரங்க குடுக்கிற உப்புப் போட்ட மோர், கஞ்சி இது வராம இருக்க உதவும். ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைப் பொடி)னா பெரிய பாக்கெட் ஒண்ணுக்கு ஒரு லிட்டர் தண்ணி. அரை லிட்டரில் கலக்காதீங்க, வயிற்றாலை போகும்.

தக்கலை அக்கா
இவ்வளவு ஆபத்து இருக்குல்லா? பிறகு வேனைக் குறை சொன்னா எப்படி?

முஞ்சிறைக்காரன்
குறை அதில்லக்கா. கோயிலை ஒட்டின ரோடு குறுகல். வேனும் பைக்கும் ஓடுறவங்களோட முதுகில் ஏறாத குறையா ஹாரன் அடிக்குது. வண்டியில் வாறவங்க சிவராத்திரி பகலில் மட்டும் வரட்டும், கோயிலுக்கு அரைக் கிலோமீட்டர் முன்னால நிறுத்திட்டு நடக்கட்டும், முஞ்சிறையில் தொடங்கி நட்டாலத்தில் முடிக்கட்டும். நான் வாயே திறக்கல.

தக்கலை அக்கா
அரைக் கிலோமீட்டர் முட்டு வலிக்காரங்களுக்கு ஆகாது. அவங்களை வாசலில் இறக்கிட்டு வண்டி வெளியே போகட்டும், மத்தது சம்மதம். ஓடுறவங்களும் ராத்திரியில் ரோட்டை அடைச்சு வரிசையாப் போகாம, வலப்பக்க ஓரமா, எதிர வாற வண்டியைப் பாத்துப் போகணும். காவி இருட்டில் தெரியாது, முதுகில் ஒளி மின்னுற பட்டை ஒண்ணு ஒட்டணும்.

முஞ்சிறைக்காரன்
காவி மேல ஸ்டிக்கரா?

ரப்பர்காடு
விசிறிக் கைப்பிடியில் சுத்துங்கண்ணே. ஓடுறப்போ ஆடும், தூரத்திலேயே தெரியும். அப்புறம் இன்னொண்ணு: நட்டாலத்தில் மகாதேவரைக் கும்பிட்டதோட ஊருக்குத் திரும்பிருதாங்க. பக்கத்திலேயே பாதி சிவன், பாதி விஷ்ணுவான சங்கரநாராயணர் கோயிலும் இருக்கு. பீமனுக்கும் புருஷாமிருகத்துக்கும் சிவனும் விஷ்ணுவும் ஒண்ணுன்னு காட்டினதா கதை சொல்லுறது அங்கதான். அதையும் தொழாம பஸ் ஏறாதீங்க.